அபயமும் ஔடதமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கத்திற்கும் நூல் வெளியீட்டிற்கும் இடையே எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் கவிஞன் அல்லேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். வட்டத்தின் கூட்டங்களில் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டதே என் இலக்கியப் பணி. ஆயினும் மருந்துக்கும் சொல்லுக்கும் உள்ள உறவைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு செய்தி உண்டு. அதை இந்த அவையில் வைக்காமல் வேறெங்கு வைப்பேன்?

நம் மாவட்டத்தின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சித்தன்னவாசல் என்றதும் நம் நினைவுக்கு வருவது தாமரைக் குளத்து ஓவியம். அதே குன்றின் மேலே, ஏழடிப்பட்டத்தில், பாறையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் அருகே ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் தந்துள்ள பாடத்தின்படி அதன் பொருள் இதுதான்: எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்குச் சிறுபோசில் இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார். எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் கருத்து.

அன்பர்களே, இதில் மன்னன் பெயர் இல்லை, போர் இல்லை, வெற்றி இல்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு இம்மண்ணைச் சேர்ந்த ஒருவர் படுக்கை அமைத்துக் கொடுத்தார் என்பதே செய்தி. வந்தவரின் நாட்டைக் கேட்டிருக்கிறார்கள், ஊரைக் கேட்டிருக்கிறார்கள், கேட்டதைக் கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரைக் கேட்டது அவரை விலக்குவதற்காக அன்று.

சமணர் நான்கு தானங்களைச் சொல்வர்: ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம். உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்று நாம் அவற்றைச் சொல்லலாம். அபயமும் ஔடதமும் தனித்தனியாக எண்ணப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அஞ்சி வந்தவனுக்கு இடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். இன்று என் பேச்சு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள தொலைவைப் பற்றியதே.

1990ஆம் ஆண்டு. ஈழத்தில் இரண்டாம் கட்டப் போர் மூண்டு, மன்னார்க் கரையிலிருந்து படகுகளில் மக்கள் வந்து இறங்கிய காலம். நம் மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு என்பதைப் புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் இன்று அறியார். ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, திருமயம் வட்டத்தில் இலேனா விளக்கு, அறந்தாங்கி அருகே அழியாநிலை. கவிஞர்கள் இருக்கும் அவை இது. அந்தக் கடைசிப் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருநாள் மருத்துவர் தடுப்பூசிப் பணிக்காகக் கிராமத்திற்குச் சென்றிருந்தார். மருந்து கொடுக்கும் சன்னலருகே ஒரு மூதாட்டி வந்து நின்றார். முகாமிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். "எனக்குச் சரியான வருத்தம், தம்பி" என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர் அல்லவா? "வருத்தம் இல்லாமல் இருக்குமா அம்மா? நாள் ஆக ஆக ஆறிவிடும், மனத்தைத் தளர விடாதீர்கள்" என்று ஆறுதல் சொல்லி, சத்து மாத்திரை பத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவர் என்னை ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நல்ல காரியம் ஒன்று செய்தோம் என்ற நிறைவோடு நான் அன்று மதியச் சோறு உண்டேன்.

இரண்டாம் நாள் அவரைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து, இருபுறமும் பிடித்துக்கொண்டு கொண்டுவந்தார்கள். உடல் அனலாய்க் கொதித்தது, நினைவு தப்பியிருந்தது. மருத்துவர் உடனே புதுக்கோட்டைக்கு அனுப்பினார். உடன் வந்த மருமகள் என்னைப் பார்த்து, "மாமி முந்தநாளே உங்களிட்டைச் சொன்னவா" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதனால்தான் அது இன்றும் என் காதில் இருக்கிறது.

ஈழத் தமிழில் வருத்தம் என்றால் நோய். சரியான வருத்தம் என்றால் கடுமையான நோய். அந்த அம்மையார் தமக்கு என்ன என்பதைத் தூய தமிழில், இரண்டே சொல்லில் சொல்லியிருந்தார். தமிழ் படித்த நான்தான் கேட்கவில்லை. நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். அது அவருடைய உடலின் வலிமை. என்னுடைய திறமை அன்று.

அதன்பின் ஒரு பழைய கணக்கேட்டின் பின்பக்கத்தில் சொற்களைக் குறித்துவைக்கத் தொடங்கினேன். அவர்கள் குளிசை என்பது நம் மாத்திரை. சத்தி என்பது வாந்தி. வயிற்றோட்டம் என்பது வயிற்றுப்போக்கு. தடிமன் என்பது சளி. நோ என்பது வலி. தாதி என்பவர் செவிலியர். வைத்தியசாலை என்பது மருத்துவமனை. இவை வேற்றுமொழிச் சொற்களா? நம் நிகண்டுகளோடு உறவுடைய சொற்கள்தாமே! ஒரே மொழி பேசுவோர் என்பதாலேயே நமக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று இருந்துவிட்டோம். அயல்மொழி பேசுபவர் எதிரே நின்றால் நமக்குப் புரியவில்லை என்பதாவது புரியும். தாய்மொழியில் தவறாகப் புரிந்துகொள்ளும்போது அதுகூடத் தெரிவதில்லை.

இதைச் சிறு செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். நோயாளியின் சொல்லை நம்பித்தான் மருத்துவம் தொடங்குகிறது. சொன்னது கேட்கப்படாத இடத்திற்கு நோயாளி மறுமுறை வரமாட்டார். முற்றிய பிறகே தூக்கி வரப்படுவார். மருத்துவமனையின் கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே சென்றவருக்கு மருத்துவம் கிடைப்பது வேறு.

அகதி என்ற சொல்லுக்குக் கதியற்றவர் என்பது பொருள். ஆனால் முகாம்களில் இருக்கும் பலரின் கதி நம் மண்ணிலிருந்துதான் தொடங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தபோது திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளோடு நம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தார்கள். காலராவும் பெரியம்மையும் அவ்வழியில் எத்தனையோ பேரைக் கொண்டன.

அவர்களுக்கும் மருத்துவம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதைப் பாருங்கள். 1872இல் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டமே இயற்றினார்கள். உழைக்கும் கை ஓய்ந்துவிடக் கூடாது என்ற கவலை அதில் இருந்தது. பின்னாளில் மண்டபம் முகாமில் அவர்களைத் தடுத்துவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பின்னரே கப்பல் ஏற்றினார்கள். தங்கள் நாட்டிற்குள் தொற்று வந்துவிடுமோ என்ற அச்சம் அதில் இருந்தது. உழைப்பு வேண்டும் என்பதற்காக ஒரு மருந்து. நோய் நம்மைத் தொடக் கூடாது என்பதற்காக இன்னொரு மருந்து. இவன் மனிதன், இவனுக்கு நோகிறது என்பதற்காகக் கொடுத்த மருந்து அந்த ஏடுகளில் அரிது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இம்மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதமுள்ளோர் குறித்துப் பின்னர் முடிவு. அந்தப் பின்னர் பத்தாண்டு கழித்து 1974இல்தான் வந்தது. 1983 சூலை வன்செயலுக்குப் பிறகு கடல் கடந்து வந்தோருள் வடகிழக்கு மக்களோடு இந்த மலையகத் தமிழரும் கணிசமாக இருந்தனர். பாட்டன் அம்மை குத்திக்கொண்டு புறப்பட்ட அதே மண்டபம் முகாமில் பேரன் அகதியாகப் பதிவு செய்யப்பட்டான். இத்தகையோரின் குடியுரிமை வேண்டுகோளைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு இறுதியில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இடம்பெறவில்லை.

தமிழ்நாடு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நன்றி மறந்த பேச்சாகும். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு அனைத்துலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆயினும் 1983 முதல் வந்த மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு இம்மாநிலம் இடம் கொடுத்தது; அரிசி கொடுத்தது; பள்ளிக் கதவைத் திறந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் வருமான வரம்பின்றிச் சேர்க்கப்பட்டுள்ளனர். 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் திட்டமும் அவற்றுள் ஒன்று. அகதிகள் முகாம் என்ற பெயரும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. சொல்லை மாற்றினால் வாழ்வு மாறிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லையே தொழிலாகக் கொண்ட நீங்கள் அவ்வாறு கேட்கமாட்டீர்கள். ஆனால் சொல் மாறிய பின் வாழ்வும் மாறிற்றா என்று கேட்கும் கடமை உங்களுக்கு மற்றவரைவிட அதிகம்.

அந்த 2021ஆம் ஆண்டு அரசு அறிவித்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேரும், முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தனர். காப்பீட்டுத் திட்டத்தின் வாசகம் முகாமில் வாழ்வோரையே குறிக்கிறது. வெளியே வாடகை வீட்டில் காலம் தள்ளும் குடும்பத்திற்கு நோய் வராது என்று யார் சொன்னது?

முகாமிற்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. பத்துக்குப் பத்து அடி அறையில் ஒரு குடும்பம் தலைமுறைக் கணக்கில் வாழ்ந்தது. ஒருவர் இருமினால் அனைவரும் இருமுவர். ஆண்களில் பெரும்பாலோர் வண்ணம் பூசும் வேலைக்குச் செல்வோர். சாரத்திலிருந்து விழுந்தாலும், வண்ணத்தின் நெடி நெஞ்சில் தங்கினாலும், அன்றைய கூலி அன்றே போய்விடும். வருகைப் பதிவு நாளில் ஆளைக் காணவில்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற அச்சம் வேறு. வெளியே இரவு தங்க அனுமதி வாங்கும் அலைச்சல் வேறு. பக்கத்து மாவட்டத்துப் பெரிய மருத்துவமனையில் பத்து நாள் சேர்ந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், நீங்களும் நானும் நோயைப் பற்றி மட்டுமே கவலைப்படுவோம். அவர்களோ பதிவேட்டைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். காப்பீட்டு அட்டை மருந்துச் செலவைத் தாங்கும். இந்த அச்சத்தை அது தாங்காது.

இரண்டு தீர்ப்புகளை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். இரண்டும் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கியவை. 1992 சூலையில் வங்காளத்தில் ஹக்கீம் ஷேக் என்ற உழவுத் தொழிலாளி தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். கல்கத்தாவில் அரசு மருத்துவமனை ஒவ்வொன்றாக அவரைத் திருப்பி அனுப்பியது. பெரும்பாலும் சொன்ன காரணம், படுக்கை காலி இல்லை என்பது. உரிய வேளையில் சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில், அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களின் வழக்கில், அந்த 21ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமன்று, இம்மண்ணில் வாழும் எவருக்கும் உரியது என்று கூறியது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். நான் சட்டம் படித்தவன் அல்லேன். ஆனால் அவை சேர்ந்து சொல்லும் பொருள் ஒரு மருந்தாளுநனுக்கும் விளங்குகிறது. ஔடதம் இனித் தானம் அன்று, அது உரிமை.

இது நடவாத காரியமும் அன்று. 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கிற்று. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. அவர் இம்மாநிலத்தவரா, பிற மாநிலத்தவரா, பிற நாட்டவரா என்ற வேறுபாடு அத்திட்டத்தில் இல்லை. ஒடிசாவிலிருந்து வந்து நம் ஊரில் செங்கல் சுமப்பவருக்கும் அது உண்டு. முகாமிலிருந்து வேலைக்குச் செல்பவருக்கும் உண்டு. சாலையில் முறிந்த எலும்பிடம் நாம் குடியுரிமை கேட்பதில்லை. அப்படியாயின் மெல்லப் பழுதாகும் சிறுநீரகத்திடமும், பத்தாம் மாதத்துக் கருப்பையிடமும் கேட்பது எந்த அறம்?

நம் வீட்டுப் பிள்ளைகளையும் எண்ணிப் பாருங்கள். அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பக்கத்து ஊர்களில் சிங்கப்பூருக்கோ வளைகுடாவிற்கோ ஓர் ஆளையேனும் அனுப்பாத தெரு அரிது. 2020இல் கொரோனா பரவியபோது சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் என்ன நடந்தது? அவற்றில் வாழ்ந்தோரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அந்நாட்டு அரசே அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. ஓர் அறையில் பலர், ஒரே குளியலறை, கதவிற்கு வெளியே காவல். அப்போது இங்கே தொலைபேசியருகே உறங்காமல் இருந்த தாய்மார்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அங்கே ஒரு மருத்துவர் நம் பிள்ளையின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்டிருப்பாரா என்று அன்று நாம் ஏங்கினோம் அல்லவா? அதே ஏக்கத்தோடு இலேனா விளக்கில் ஒரு தாய் இருக்கிறார்.

இந்தச் சமஸ்தானத்தில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். அன்று திறந்த ஒரு கதவு பின்னர் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. முகாமில் பிறந்த ஒரு பெண் நம் மாவட்டத்து மருத்துவமனையில் வெள்ளை அங்கியோடு நின்றால், வருத்தம் என்ற சொல்லுக்கு என் கணக்கேடு தேவைப்படாது.

இலக்கிய வட்டம் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். சட்டம் இயற்ற முடியாது. மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் 1991, 92ஆம் ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது கல்லுடைக்கும் பெண்கள் எழுத்துக் கற்றார்கள்; ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அதற்குப் பாட்டு எழுதியவர்களும் மாலை நேரத்தில் பாடம் சொன்னவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம். எழுத்தறிவிப்பது கவிஞனின் வேலையாக இருக்க முடியுமானால், சொல்லறிவிப்பதும் அவன் வேலைதான்.

இரண்டே வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, முகாமின் முதியவர்களோடு அமர்ந்து, அவர்களுடைய நோய்ச் சொற்களையும் உடற்சொற்களையும் தொகுத்து ஒரு சிறு கையேடாக நம் வட்டம் வெளியிட வேண்டும். அது மருந்து கொடுக்கும் ஒவ்வொரு சன்னலிலும் தொங்க வேண்டும். என் பழைய கணக்கேட்டை இன்று வட்டத்தின் செயலாளரிடம் ஒப்படைக்கிறேன். அது தொடக்கம் மட்டுமே. இரண்டாவது, மாதம் ஒருநாள், உறுப்பினர் இருவர், முகாமிலிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவருடன் துணையாகச் செல்ல வேண்டும். வரிசையில் நிற்க, படிவம் எழுத, மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல. இதற்கு அரசாணை தேவையில்லை.

இனி முகாமைப் பற்றி நீங்கள் எழுதும் கவிதைகளில் கடல் வரட்டும், படகு வரட்டும், பனைமரமும் வரட்டும். அவற்றோடு ஒரு குளிசையும் வரட்டும். இழந்த நாட்டிற்காக அழுவது நமக்கு எளிது. அவர்களுக்கு இன்று மாலை என்ன காய்ச்சல் என்று கேட்பதுதான் கடினம். அந்த மூதாட்டியிடம் நான் செய்த பிழையும் அதுவே. அவருடைய துயரத்தைக் கேட்க அணியமாயிருந்தேன். அவருடைய நோயைக் கேட்கவில்லை.

ஏழடிப்பட்டத்துப் பாறையில் வெறுங்காலோடு ஏறி அந்தப் படுக்கையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டாகியும் அதன் வழவழப்புப் போகவில்லை. காவுடி ஈதன் யார், என்ன ஆனார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவருக்குப் படுக்கை கொடுத்த மண் எது என்பது தெரியும். அந்த மண்ணில் இன்று யாருக்கும் படுக்கை இல்லை என்ற சொல் எழாதிருக்கட்டும்.